ஆன்சியின் வளையல் பாம்புகள்

ஈ ஒன்று செல்லத்துரையின் இடது கண்ணில் வந்து உட்கார்ந்தது. இமையில் இல்லை, கண்ணிலேயே.

அவர் அடுப்படி வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். எதிரே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பிலோமி, அவர் இமைப்பார், ஈ பறந்துவிடும் என்று காத்திருந்தாள். ஈ வெள்ளை விழியில் இரண்டு எட்டு நடந்து கருவிழியின் ஓரத்தில் நின்றது, முன்னங்கால்களைத் தேய்த்துக்கொண்டது. செல்லத்துரை கஞ்சியை முழுசாகக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தார். அதன் பிறகுதான் ஈ தானாகப் பறந்தது.

"என்னங்க, கண்ணு உறுத்தலையா?"

"எதுக்கு?" என்று கேட்டுவிட்டு அவர் எழுந்து ஆன்சியின் அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது.

அது தொண்ணூற்றிரண்டாம் வருஷத்துப் பங்குனி. அருப்புக்கோட்டையில் அந்தத் தெரு முழுக்க விசைத்தறிக் கொட்டகைகள். காலை ஆறு மணிக்குத் தொடங்கும் தடதடப்பு சுவர் வழியாக வந்து பானைத் தண்ணீரில் வளையம் போடும். காற்றில் எப்போதும் பஞ்சுத் தூசியும் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியின் புளித்த வாடையும் இருக்கும். வெயில் ஏற ஏறத் தகரக் கூரைகள் முறுகி முனகும். இந்தச் சத்தங்களுக்கு நடுவேதான் பிலோமி இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியிருந்தாள். ஆனால் எட்டு மாதமாக அவள் காது வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தது: அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால் இருந்து வரும் சத்தத்தை.

பாம்புகளைக் கொண்டுவந்தது ராபின். செல்லத்துரையின் தம்பி, சரக்குக் கப்பலில் சமையல்காரன். எண்பத்தேழில் லீவுக்கு வந்தபோது, ஆணியால் ஓட்டை போட்ட பால்பவுடர் டப்பா ஒன்றை ஈர பனியனில் சுற்றி எடுத்துவந்தான். உள்ளே இரண்டு குட்டிகள், சுண்டுவிரல் தடிமன். சிவப்பு, கறுப்பு, வெள்ளை. மறுபடியும் கறுப்பு, சிவப்பு. தலையிலிருந்து வால் வரைக்கும் யாரோ கண்ணாடி வளையல்களை நெருக்கி அடுக்கிய மாதிரி. "அமெரிக்காப் பாம்பு, மதினி. கிங்ஸ்நேக்கு. வெசம் கெடயாது. அங்கன வீட்டுக்கு வீடு வளக்காங்க" என்றான். பிலோமி அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். அப்போது பத்தாம் வகுப்பில் இருந்த ஆன்சி கையை நீட்டினாள். ஒன்று அவள் மணிக்கட்டில் ஏறிச் சுற்றிக்கொண்டது. "அம்மா, இந்தா பாரு, வளையல்" என்று சிரித்தாள்.

அன்றிலிருந்து அப்பனுக்கும் மகளுக்கும் வேறு உலகமே இல்லாமல் போனது. செல்லத்துரை தறி மெக்கானிக். கைவேலை தெரிந்தவர். கம்பிவலையும் கண்ணாடியும் வைத்துப் பெட்டிகள் செய்தார். வெயில் தாங்காத உயிர் என்று வாய் அகன்ற மண்பானைகளை மணலில் புதைத்து, மேலே ஈரச் சாக்கு போட்டார். பல்லியும் சுண்டெலியும் பிடித்துக்கொண்டு வந்தார். ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதால் தனித்தனிப் பெட்டி. ஆன்சி ஒரு நோட்டில் எல்லாம் எழுதினாள். எந்த நாளில் தின்றது, எந்த நாளில் சட்டை உரித்தது, எந்த நாளில் ஆணையும் பெண்ணையும் சேர்த்து விட்டது. முதல் தடவை முட்டையிட்டபோது தெருவே வந்து பார்த்தது. பக்கத்துக் கொட்டகையில் தார்க்குச்சியில் நூல் சுற்றும் முத்துத்தாய்தான் அவற்றுக்கு வளையல் பாம்பு என்று பெயர் வைத்தாள். அந்தப் பெயரே நின்றது.

சட்டை உரிக்கும் நேரம் வந்தால் ஆன்சி அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுவாள். "மொதல்ல தீனி எடுக்காதும்மா. நிறம் மங்கிரும். அப்புறம் கண்ணு பால் பூத்துரும், ஒண்ணும் தெரியாது. நாலஞ்சு நாள்ல கண்ணு தெளிஞ்சிரும். ஆகா, நல்லாயிருச்சுன்னு நெனைப்ப. அதுக்கப்புறம்தான் உரிக்கும்." சொரசொரப்பான கல்லில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்து, உதட்டோரம் பிரிந்து, காலுறை கழல்கிற மாதிரிப் பின்னோக்கிச் சுருண்டு வரும் அந்தத் தோலைப் பார்க்கப் பிலோமிக்குச் சகிக்காது. ஆனாலும் மகள் கூப்பிட்டால் போய் நிற்பாள்.

போன ஆவணியில் ஒன்பது முட்டைகள் விரியக் காத்திருந்தன. அப்போதுதான் ஆன்சிக்குக் காய்ச்சல் வந்தது. கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் வருஷம். "எனக்கு ஒண்ணுமில்லப்பா. நீங்க முட்டைகிட்ட இருங்க. முட்டையைப் பொதிச்ச தேங்கா நார்த்தூள் காஞ்சா போச்சு" என்று மூன்று நாள் அவரை விரட்டிக்கொண்டே இருந்தாள். அவரும் இருந்தார். ஈரம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். நாலாம் நாள் விடியலில் அவளுக்கு வலிப்பு வந்தது. மதுரை ஆஸ்பத்திரிக்குப் போன வாடகைக் கார் காரியாபட்டியைத் தாண்டும்போது ஒரு தரம் கண் திறந்தாள். "முட்டை விரிஞ்சிருச்சாப்பா?"

"இல்லம்மா. நீ வந்து பாக்கணும்னு இருக்கு."

மதுரைக்குப் போக வேண்டிய தேவை அதற்கப்புறம் இல்லாமல் போனது. கார் திரும்பியது. வீட்டில் அவளைக் கிடத்தியபோது ஒன்பது முட்டைகளும் கீறியிருந்தன. ஒவ்வொரு கீறலிலும் ஒரு சின்ன மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குட்டிகள் எதுவும் தீனி தொடவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. பெரிய பாம்புகள் ஆறு மட்டும் மிஞ்சின.

செல்லத்துரை வேலைக்குப் போவதை நிறுத்தினார். கொட்டகைக்காரர்கள் வந்து வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் அந்த அறையிலேயே, ஈரச் சாக்கின் மேல் சுருண்டு படுத்தார். தீனி குறைந்தது, தை பிறந்தபோது காலையில் ஒரு டம்ளர் கஞ்சி மட்டும். மாதா கோயிலில் கேட்டவர்களிடம் பிலோமி, "மகளை நெனைச்சு ஏங்கிப் போயிட்டாக" என்று சொன்னாள். அவளும் ஏங்கித்தான் கிடந்தாள். ஆனால் யாராவது ஒருவர் அடுப்பு மூட்ட வேண்டியிருந்தது.

ஈயைப் பார்த்த அந்த வாரத்தில்தான் அவருக்கு எண்ணெய் தேய்த்து விட்டாள். முதுகு சாம்பல் பூத்த மாதிரி மங்கியிருந்தது. உள்ளங்கையை வைத்து அழுத்தியதும் தோல் நகர்ந்தது. உடம்பின் மேல் ரவிக்கைத் துணி நகர்கிற மாதிரி, அடியில் எதிலும் ஒட்டாமல், தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரே சீராக நகர்ந்து, கையை எடுத்ததும் மெல்லத் திரும்பி வந்தது. பிலோமி எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மெலிந்துவிட்டார், அதனால் தோல் தொங்குகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இரண்டு தரம் சொல்லிக்கொண்டாள்.

"வலிக்குதா?"

"நெருக்குது" என்றார் அவர். "உள்ள எடம் பத்தல, பிலோமி."

ஏப்ரல் இரண்டாம் தேதி காலையில் அவர் கதவு நிலையில் இடித்துக்கொண்டார். பிலோமி ஓடிப்போய் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு கண்களிலும் கருப்பே இல்லை. வேட்டிக்கு நீலம் போட்ட தண்ணீரைப் போல, வெளுத்த நீலம் மூடியிருந்தது. டவுனில் கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். "ரெண்டு கண்ணுலயும் புரை முத்தியிருக்கு. ஆபரேஷன்தான். அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க" என்றார். செல்லத்துரை சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் எட்டு மாதமாகப் பார்த்ததில்லை. ரிக்‌ஷாவில் திரும்பும்போது அவள் தோளில் சாய்ந்து, "கொஞ்ச நாள்தான்" என்றார். அவர் மூச்சில் நனைந்த சாக்கின் வாடை அடித்தது.

ஏழாம் தேதி கண் தெளிந்துவிட்டது.

தானாகவே. காலையில் அவர் வெளியே வந்து முற்றத்து வெளிச்சத்தில் நின்றபோது இரண்டு கண்களும் கழுவி வைத்த மாதிரிக் கருகருவென்று மின்னின. பிலோமி மண்டியிட்டு மாதாவுக்கு நன்றி சொன்னாள். முத்துத்தாயைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே கூப்பிட்டுச் சொன்னாள். கறி வாங்கிவந்து குழம்பு வைத்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் மசாலா வாசம் எழுந்தது. இலையைப் போட்டு அவர் முன்னால் உட்கார்ந்தாள். அவர் இலையைத் தொடவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிரியமாகத்தான் பார்த்தார். ஊருக்குக் கிளம்புகிறவர் பார்க்கிற மாதிரி.

அவர் கொல்லைப்பக்கம் போனபோது அறையைக் கூட்டிப் பெருக்கலாம் என்று உள்ளே போனாள். ஒரே குளிர்ச்சி. வெளியே கரிசல் காடெல்லாம் வெடித்துக் கிடக்கிற வெயிலில், அந்த அறையில் மட்டும் கிணற்றடி ஈரம். பெட்டிகளில் ஆறு பாம்புகளும் அசையாமல் கிடந்தன. ஆறும் ஒரே பக்கம் தலை வைத்திருந்தன, செல்லத்துரை படுக்கும் சாக்கைப் பார்த்து. ஜன்னல் மேடையில் ஆன்சியின் நோட்டு திறந்து கிடந்தது.

மகளின் குண்டு குண்டான எழுத்து. ஒவ்வொரு பாம்புக்கும் ஒரு பக்கம். கண் பால் ஒரு தேதி, கண் தெளிவு ஒரு தேதி, சட்டை ஒரு தேதி. அவள் விரல் பட்ட தாள் என்று பிலோமி ஒவ்வொரு பக்கமாகத் தடவினாள். கடைசிப் பக்கத்தில் எழுத்து மாறியது. கோணல் மாணலாக, கண் தெரியாதவர் எழுதியது மாதிரி. பாம்பின் பெயர் இல்லை.

கண் பால், 2–4–92.

கண் தெளிவு, 7–4–92.

சட்டை.

அதற்கு நேரே தேதி இல்லை.

நோட்டை மூடினாள். அது நழுவி மணலில் விழுந்தது. நிமிர்ந்தபோது வாசலில் அவர் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. காலடிச் சத்தமே கேட்கவில்லை.

"யாருக்குங்க இது?"

"பயப்படாத. அவளுக்குத்தான் நெருக்கமா இருக்கு" என்றார் செல்லத்துரை. "நான் அன்னைக்கி அவகிட்ட இல்லாமப் போயிட்டேன். இப்ப என்கிட்டயே இருக்கா. வெளிய வரணும்ல."

அன்று மாலை பிலோமி கோயிலுக்குப் போனாள், ஃபாதரைப் பார்க்க. எதைச் சொல்வது? புருஷன் மகள் துக்கத்தில் இருக்கிறார் என்பதைத்தான் சொல்ல முடிந்தது. ஃபாதர் ஜெபம் பண்ணச் சொன்னார். பண்ணினாள். எல்லாம் அந்தப் பாம்புகளால்தான், அவற்றின் நடுவிலேயே கிடந்து புத்தி பேதலித்துவிட்டது, அவை போனால் மனுஷன் தெளிந்துவிடுவார் என்று ஜெபத்தின் நடுவில் அவளுக்கே ஒரு முடிவு வந்தது.

மறுநாள் பதினோரு மணிக்கு அவர் அயர்ந்து கிடந்தார். பிலோமி வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாம்பைக் கையால் தொட்டாள். தலையணை உறைகளில் ஒவ்வொன்றாக விட்டு முடிச்சுப் போட்டாள். ஆறு உறைகள். கூடையில் அடுக்கி, மேலே முருங்கைக்கீரையைப் பரப்பி, திருச்சுழி பஸ்ஸில் ஏறினாள். மடியில் கூடை. வழி நெடுகச் சீமைக்கருவேலமும் புழுதியும். மடிக்குள் ஏதோ மெல்ல மெல்ல இடம் மாறிக்கொண்டே வந்தது. வயிற்றில் ஆன்சி இருந்தபோதும் இப்படித்தான் இருந்தது என்று நினைவு வந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

திருச்சுழிக்கு முன்னாலேயே ஒரு நிறுத்தத்தில் இறங்கி, குண்டாற்றுப் பக்கம் நடந்தாள். ஆற்றில் தண்ணீர் இல்லை. ஆள் இல்லாத கருவேலங்காட்டில், நிழல் பார்த்து முடிச்சுகளை அவிழ்த்தாள். கருத்த மண்ணில் சிவப்பும் வெள்ளையும் வழிந்து ஓடிப் புதருக்குள் மறைந்தன. ஐந்து. ஆறாவது, ராபின் டப்பாவில் வந்த அந்த முதல் பெண் பாம்பு, போகவில்லை. திரும்பி வந்து அவள் கால் விரலை முகர்ந்து, கணுக்காலைச் சுற்றி ஏறிக்கொண்டது. ஆன்சி கையில் எத்தனை நாள் கிடந்த உயிர். பிலோமி அப்படியே மண்ணில் உட்கார்ந்து வாய் விட்டு அழுதாள். மகளை அடக்கம் பண்ணிய அன்றுகூட அப்படி அழவில்லை. "போ தாயி, போயிரு. என்னைய மன்னிச்சிரு" என்று சொல்லிச் சொல்லி, சுற்றைப் பிரித்து எடுத்து, குளிர்ந்த அந்த உடம்பைக் கன்னத்தில் ஒரு தரம் வைத்துக்கொண்டு, நிழலில் விட்டாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

வீடு வந்து சேர்ந்தபோது மணி மூன்று. தறிகள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. முத்துத்தாய் கொட்டகை வாசலில் நின்றிருந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"எங்கக்கா போயிட்ட? உங்க வீட்டுல…" என்று நிறுத்தினாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. தறிச் சத்தத்துல என்னமோ தப்பாக் கேட்டுருக்கும். பொம்பளப்பிள்ள மொனகுற மாதிரி இருந்துச்சு."

பிலோமி உள்ளே போனாள். கூடையை இறக்கினாள். அறைக் கதவு சாத்தியிருந்தது.

"வந்துட்டேங்க" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"அதுகள விட்டுட்டியா?" உள்ளே இருந்து செல்லத்துரைதான் பேசினார். கோபமே இல்லை. வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போல வார்த்தைகள் தடித்து வந்தன.

"விட்டுட்டேன்."

"சரி. எடம் வேணும்ல."

அந்த நேரத்தில் கரண்டு போனது. தெருவில் அத்தனை தறிகளும் ஒன்றாக நின்றன. தடதடப்பு சுவரிலிருந்து, தரையிலிருந்து, அவள் பல்லிலிருந்து வடிந்து இறங்கியது. காது அடைக்கிற அமைதி. அதற்குள்ளே, கதவுக்கு அந்தப் பக்கம், அந்தச் சத்தம். கஞ்சி போட்ட புதுச் சேலையை மடிப்புப் பிரிப்பது போல. காய்ந்த, நிதானமான சத்தம். கொஞ்சம் நிற்கும். மறுபடி தேய்க்கும்.

தேய்க்கும்.

ஓடிவிடலாம். முத்துத்தாய் வாசலில்தான் நிற்கிறாள். ஒரு கூப்பாடு போதும். பிலோமி கையை நீட்டிக் கதவைத் தள்ளினாள்.

ஜன்னலில் சாக்கு தொங்கியது. காவி நிற இருட்டு. ஈர வாடை. காலிப் பெட்டிகள். பூச்சுப் போடாத மூலைச் சுவரைப் பார்த்து அவர் முழங்காலிட்டிருந்தார். கன்னத்தைக் கல்லில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். மெல்ல. மேலிருந்து கீழே.

"என்னங்க."

தேய்ப்பது நின்றது.

"இங்க பாருங்க. வேணாம். நாம ராபின்கிட்ட சொல்லி…"

அவர் திரும்பினார்.

ரத்தம் இல்லை. ஒரு சொட்டுகூட இல்லை. மேலுதட்டில் பிரிந்த தோல் மூக்கைக் கடந்து, நெற்றியைக் கடந்து, நரைத்த தலைமயிரோடு பின்னால் சுருண்டிருந்தது. மீசை உட்புறமாக மடிந்து கிடந்தது. அடியில் ஈரமான, மினுங்குகிற இன்னொரு முகம். சின்ன நெற்றி. சேர்ந்த புருவம். காய்ச்சலில் உலர்ந்து வெடித்த உதடு. பிலோமி பத்து மாதம் சுமந்து பெற்று, பத்தொன்பது வருஷம் பார்த்து, கடைசியாகப் பெட்டி மூடும்போது முத்தம் வைத்த முகம்.

"அம்மா" என்றது.

அவள் முதுகு கதவில் மோதியது.

"தண்ணி தொட்டு இழும்மா. காதுகிட்ட ஒட்டிக்கிருச்சு. வலிக்குது."

அதே குரல். அந்த இழுவை. அந்தச் சிணுங்கல்.

இது அவள் இல்லை. அவள் கல்லறையில் இருக்கிறாள். பிலோமிக்குத் தெரியும். மண் அள்ளிப் போட்டவள் அவளே.

"அம்மா. வலிக்குதும்மா."

தண்ணீர்க் கிண்ணம் அவள் காலடியில் இருந்தது. எப்போது குனிந்தாள் என்று தெரியவில்லை. விரல் நனைந்திருந்தது. எப்போது மண்டியிட்டாள் என்று தெரியவில்லை. "இரும்மா, அழாத. அம்மா இருக்கேன்" என்று தன் வாய் சொல்வது கேட்டது. காதோரம் நனைத்தாள். தோல் இளகியது. வெங்காயச் சருகு போல மெலிசாக, இன்னும் வெதுவெதுப்பாக. அவள் புருஷனின் காது அவள் விரல்களுக்கு இடையில் வந்தது. நிறுத்தவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள். அவருடைய வெற்று விரல்கள் கையுறை மாதிரித் தரையில் தொங்கி ஆடின.

தாடை வந்தது.

"இன்னும் கொஞ்சம்மா."

இழுத்தாள். கழுத்து வந்தது. ஈரமாக, வழுவழுப்பாக. இன்னும் இழுத்தாள். இன்னும் கழுத்து வந்தது. மறுபடி நனைத்து, மறுபடி இழுத்தாள். மகள் முகம் அவள் தலைக்கு மேலே உயர்ந்து, அங்கிருந்து குனிந்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

தோள் வரவே இல்லை.